ரயில் வருவதற்கு முந்தைய 26 ஆண்டுகள்: அரிசோனாவின் எஸ்தேவான் ஒச்சோவா

1860களில் அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் இருந்த டூசான் என்ற ஊரில் ஒரு கெஜம் துணியோ, ஒரு ரம்பமோ, ஒரு கண்ணாடிச் சன்னலோ வாங்கினால், அதன் விலையில் நல்ல பங்கு வண்டிக்கூலியாகவே இருக்கும். கப்பல் ஓடும் ஆறு பக்கத்தில் இல்லை. ரயில் இல்லை. சரக்கு வந்துசேர மூன்று வழிகள் இருந்தன. மிசௌரியிலிருந்து சாந்தா ஃபே வழியாக ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்கு இறங்கி, அங்கிருந்து மேற்கே திரும்பும் நெடும்பாதை ஒன்று. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக் குவாய்மாஸ் துறைமுகத்திலிருந்து வடக்கே ஏறும் பாதை இன்னொன்று. கொலராடோ ஆற்றில் நீராவிப் படகில் யூமா வரை வந்து, பிறகு சுமார் 400 கிலோமீட்டர் பாலையைக் கடப்பது மூன்றாவது. மூன்றிலும் கடைசிக் கட்டம் கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டிதான்.

இந்தத் தூரத்தைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர் கையில்தான் ஊரின் கடைத்தெரு இருந்தது. படைமுகாம்களின் தீனியும், போகப் போக ஊரின் அரசியலும்கூட அவர் கைக்கே வந்தன. அப்படி எழுந்தவர்களில் முதன்மையானவர் எஸ்தேவான் ஒச்சோவா. மெக்சிகோவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவர், சரக்கு வண்டி முதலாளி, அரிசோனா பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர், டூசானின் மேயர். உள்ளூர் வரலாறுகளில் அவரைக் கிட்டத்தட்ட ஒரு வள்ளலாக வரைந்திருக்கிறார்கள். அவர் கை தாராளமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாழ்க்கை புரியவேண்டுமானால் குணநலன்களை விட்டுவிட்டு, அவர் நின்ற நிலம் எதற்காக வாங்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

அந்த நிலம் வாங்கப்பட்டதே ரயிலுக்காக. அமெரிக்காவோடு நடந்த 1846-48 போரில் தோற்று, தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை மெக்சிகோ இழந்தது. அப்போதும் டூசான் மெக்சிகோவிடமே இருந்தது. பசிபிக் கடற்கரைக்குத் தெற்கு வழியாகத் தண்டவாளம் போட மலை குறைந்த சமதளம் வேண்டும் என்று அமெரிக்கத் தென்மாநிலத்தார் கணக்குப் போட்டார்கள். பேரம் பேசப் போன ஜேம்ஸ் காட்ஸ்டன் தென் கரோலினாவில் ஒரு ரயில் கம்பெனியின் தலைவராக இருந்தவர். 1853 டிசம்பர் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு திருத்தங்களோடு உறுதியானது. விலை 1 கோடி டாலர். நிலம் சுமார் 76,800 சதுர கிலோமீட்டர். டூசானில் காவலிருந்த மெக்சிகோ வீரர்கள் 1856 மார்ச்சில் மூட்டை கட்டினார்கள்.

நிலம் வந்தது, ரயில் வரவில்லை. உள்நாட்டுப் போர், பணமுடை, வடக்குப் பாதைக்கு முன்னுரிமை என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்து, 1880 வரை டூசானை எந்த என்ஜினும் எட்டிப்பார்க்கவில்லை. 1854க்கும் 1880க்கும் நடுவிலான இந்த 26 ஆண்டு இடைவெளியில்தான் ஒச்சோவாவின் செல்வம், செல்வாக்கு எல்லாம் அடங்கும்.

சிவாவாவிலிருந்து டூசான்

அவர் பிறந்தது 1831இல், வட மெக்சிகோவின் சிவாவாவில், வசதியான குடும்பத்தில். மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றுப் பத்தாண்டுதான் ஆகியிருந்தது. ஸ்பானிய ஆட்சி வெளியார் வணிகத்துக்குப் போட்டிருந்த தடை விலகியதும் 1821இல் சாந்தா ஃபே பாதை திறந்துகொண்டது. மிசௌரி வணிகர்களின் துணியும் இரும்புச் சாமானும் தெற்கே வந்தன, சிவாவாவின் வெள்ளியும் கோவேறு கழுதைகளும் வடக்கே போயின. அந்தப் பாதையில் வண்டி ஓட்டிய குடும்பங்களில் ஒச்சோவா குடும்பமும் ஒன்று. சிறுவனாக அண்ணனின் வண்டித்தொடரோடு மிசௌரியின் இண்டிபென்டன்ஸ் ஊர்வரை போன எஸ்தேவான் அங்கேதான் ஆங்கிலம் கற்றார். பின்னாளில் அவரை மற்ற மெக்சிக வணிகர்களிடமிருந்து ஒரு படி உயர்த்தியது பணத்தைவிட இந்த ஆங்கிலம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ராணுவ அதிகாரியிடம் ஒப்பந்தம் பேசவும், ஆளுநரோடு சாப்பாட்டு மேசையில் உட்காரவும், அதே நாள் மாலையில் வண்டியோட்டிகளோடு கூலிக்கணக்கு முடிக்கவும் இரண்டு மொழியும் தேவைப்பட்டன.

எல்லை நகர்ந்தபின் அவர் அமெரிக்கக் குடிமகனானார். முதலில் ரியோ கிராண்டே கரையிலுள்ள மெசீயாவில் வியாபாரம். 1860ஐ ஒட்டி டூசானுக்கு இடம்பெயர்ந்தார்.

அப்போது உள்நாட்டுப் போர் வந்தது. 1862 பிப்ரவரி 28 அன்று கேப்டன் ஷெராட் ஹன்டர் தலைமையில், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் சிறு படையொன்று டூசானைக் கைப்பற்றியது. வணிகர்கள் விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும், இல்லையேல் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு. ஒச்சோவா மறுத்துவிட்டார். தனக்கு வாழ்வு தந்தது அமெரிக்க அரசாங்கம், அதற்கு எதிராகக் கை தூக்கமாட்டேன் என்பது அவர் பதில். சொத்தைப் பறிகொடுத்து, குதிரையும் துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாக்களும் மட்டும் கொண்டு, அபாச்சிப் பழங்குடி மக்களின் நிலத்தின் ஊடே தன்னந்தனியாகக் கிழக்கே சவாரி போனார் என்பது அரிசோனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை.

கதையின் மையம் நம்பத்தக்கது. ஓரங்களில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கிறது. பல விவரிப்புகள் அவர் மெசீயாவுக்குப் போய் அரசுப் படையிடம் சேர்ந்தார் என்கின்றன. 1862 வசந்தத்தில் மெசீயாவே கூட்டமைப்பு அறிவித்த அரிசோனாவின் தலைநகர். ஜூலை வரை அது அவர்கள் பிடியில்தான் இருந்தது. புலியிடம் தப்ப ஒருவர் புலிக்குகைக்கே போயிருக்கமாட்டார். ரியோ கிராண்டே பக்கம் எங்கோ போனார் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கலிஃபோர்னியாவிலிருந்து ஜேம்ஸ் கார்ல்டனின் படை வந்து மே மாத வாக்கில் டூசானை மீட்டதும், ஒச்சோவா திரும்பிவந்து சொத்தைச் சேகரித்துக்கொண்டார்.

அந்த மறுப்பு லாபக்கணக்கில் பிறந்ததல்ல. எந்தப் பக்கம் வெல்லும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் லாபம் வந்தது. போர் முடிந்தபின் ராணுவத்துக்குச் சரக்கு ஏற்றும் ஒப்பந்தங்களை வழங்கிய அதிகாரிகள் முன்னால், கூட்டமைப்புக்குத் தலைவணங்காத மெக்சிகர் என்ற பெயர் பெரிய முதலீடு.

டல்லி, ஒச்சோவா கம்பெனி

கூட்டாளி பிங்க்னி ராண்டால்ஃப் டல்லி, மிசிசிப்பியில் பிறந்தவர். அவரும் சாந்தா ஃபே பாதையில் தொழில் பழகியவர். இருவரும் சேர்ந்து 1860களில் நடத்தத் தொடங்கிய டல்லி, ஒச்சோவா கம்பெனி சில ஆண்டுகளிலேயே தெற்கு அரிசோனாவின் மிகப்பெரிய சரக்கு நிறுவனங்களில் ஒன்றாகியது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை. வண்டியோட்டிகளும் கழுதைக்காரர்களும் பெரும்பாலும் சொனோராவிலிருந்து வந்த மெக்சிகர்கள்.

வேலை எப்படிப்பட்டது என்பதை 1869 மே மாதச் சம்பவம் ஒன்று காட்டும். கம்பெனியின் வண்டித்தொடர் ஒன்று டூசானிலிருந்து கேம்ப் கிராண்ட் என்ற படைமுகாமுக்குச் சரக்கு ஏற்றிப் போனது. சாந்தா க்ரூஸ் கஸ்தன்யேதா தலைமையில் 9 வண்டிகள், 14 ஆட்கள், சுமார் 80 கோவேறு கழுதைகள். ஊரிலிருந்து வெகுதூரம் போகவில்லை. கான்யாதா தெல் ஓரோ பள்ளத்தாக்கில் பெரிய அபாச்சிக் கூட்டம் வளைத்துக்கொண்டது. வண்டிகளை வட்டமாக நிறுத்திக்கொண்டு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் வண்டிகளையும் கால்நடைகளையும் இழந்து உயிர் தப்பினார்கள், மூவர் செத்தார்கள். முதலாளிக்கு இது கணக்கில் எழுதும் நட்டம், வண்டியோட்டிக்கு உயிர். பாதை ஆபத்தானதாக இருந்ததால்தான் கூலி உயர்ந்தது, புதிய போட்டியாளர்கள் தயங்கினார்கள் என்பதும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது.

யாருக்காக இந்தச் சரக்கு? 1870 கணக்கெடுப்பில் அரிசோனா பிரதேசம் முழுவதிலும் 9,658 பேர்தான். பழங்குடி மக்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் சேரவில்லை. டூசானில் 3,224 பேர். இந்தச் சந்தையை மட்டும் நம்பி அத்தனை பெரிய கம்பெனி ஓடாது. பெரிய வாடிக்கையாளர் வாஷிங்டன். ஃபோர்ட் போவி, கேம்ப் லோவல், கேம்ப் கிராண்ட் போன்ற முகாம்களில் இருந்த சிப்பாய்களுக்கு மாவு, குதிரைகளுக்குச் சோளமும் பார்லியும் வேண்டும். பிறகு அபாச்சிகளை ஒதுக்கிடங்களில் அடைத்தபின் அவர்களுக்கும் அரசு ரேஷன் கொடுத்தது, அதற்கும் வண்டி வேண்டும். சண்டை நடந்தால் படைக்குச் சரக்கு. சமாதானமானால் ஒதுக்கிடத்துக்குச் சரக்கு. டூசான் வணிகர்கள் ஒப்பந்தப் பணத்துக்காகவே சண்டையை அணையவிடாமல் ஊதுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு, 'டூசான் கும்பல்' என்ற பெயரில், அன்றைக்கே எழுந்தது. தனித்தனி ஆட்கள்மேல் அதை நிறுவுவது கடினம். ஊர் முழுவதும் அரசின் ராணுவச் செலவில் பிழைத்தது என்பதை யாரும் மறுத்ததில்லை.

கம்பெனி வண்டியோடு நிற்கவில்லை. கடைகள், ஆடு வளர்ப்பு, கம்பளி நெசவு, தாது உருக்கும் உலை என்று கிளை விட்டது. வெளியிலிருந்து ஏற்றிவரும் பொருளை உள்ளூரிலேயே செய்துவிட்டால் வண்டிக்கூலி மிச்சம் என்பதை வண்டிக்காரரைவிட யார் நன்றாக அறிவார்?

சட்டமன்றம் என்றால் என்ன சட்டமன்றம்?

அரிசோனா அப்போது மாநிலம் அல்ல. 1863 பிப்ரவரி 24 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் நியூ மெக்சிகோவிலிருந்து பிரிக்கப்பட்ட 'பிரதேசம்'. யூனியன் பிரதேசம் என்று நமக்குப் பழகிய ஏற்பாட்டை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கும். ஆளுநர், செயலர், நீதிபதிகள் எல்லாரையும் ஜனாதிபதி நியமிப்பார். மக்கள் தேர்ந்தெடுப்பது ஈரவைச் சட்டமன்றத்தை மட்டும். வாஷிங்டனுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம்; அவர் பேசலாம், வாக்களிக்க முடியாது. இங்கே போட்ட எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் ரத்து செய்யலாம்.

அதிகாரம் இவ்வளவுதான் என்றால் அங்கே என்ன செய்தார்கள்? தலைநகரை இழுத்துப் பறித்தார்கள். 1864இல் பிரெஸ்காட், 1867இல் டூசான், 1877இல் மறுபடி பிரெஸ்காட், 1889இல் ஃபீனிக்ஸ். தலைநகர் எங்கேயோ அங்கே அலுவலகச் செலவும் அச்சகமும் விடுதிகளும். சுங்கச் சாலைகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். தனிநபர்களுக்கு விவாகரத்துக்கூடச் சட்டமாகவே நிறைவேற்றினார்கள். 1873இல் ஆளுநர் ஆன்சன் சாஃபோர்டின் விவாகரத்தும் அப்படித்தான் வந்தது, அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் சாஃபோர்டேதான்.

அந்த அவையில் முழுநேர அரசியல்வாதி என்று யாரும் இல்லை. வணிகர், சுரங்கக்காரர், வக்கீல், பண்ணையார் ஆகியோரே உறுப்பினர்கள். சாலைக்கு உரிமம் கொடுப்பவரும் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவரும் ஒரே ஆளாக இருப்பது அன்று யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒச்சோவா ஒன்றுக்கு மேற்பட்ட முறை இந்த அவைக்குத் தேர்வானார். டூசான் அடங்கிய, அவரைத் தேர்ந்தெடுத்த பீமா கவுன்டியில் (மாவட்டத்தில்) ஸ்பானியம் பேசுவோரே பெரும்பான்மை. அவையிலோ ஆங்கிலம் பேசுவோர் கை ஓங்கியிருந்தது.

அவர் பெயரைச் சட்டமன்ற வரலாற்றில் நிற்கவைத்தது 1871ஆம் ஆண்டுக் கூட்டத்தொடர். டூசானில்தான் கூடியது. பொதுப்பள்ளி வேண்டும் என்று சாஃபோர்ட் ஆளுநராக வந்த நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். சட்டமன்றத்தில் ஆர்வமில்லை, அபாச்சிச் சண்டை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது பலர் பேச்சு. அந்த மசோதாவை அவையில் கொண்டுவந்து நிறைவேற்றக் கைகொடுத்தவர் ஒச்சோவா. 100 டாலர் சொத்துக்கு 10 சென்ட் பிரதேச வரி, அதற்குமேல் கவுன்டிகள் தனியே வரி விதிக்கலாம் என்பது ஏற்பாடு. வரியின் சுமை விழுவது யார்மேல் என்று பார்த்தால், பீமா கவுன்டியில் வரி கட்டுவோரின் முன்வரிசையில் டல்லி, ஒச்சோவா கம்பெனி நின்றது. தன் கம்பெனிமேல் தானே வரி போட்டுக்கொண்ட சட்டமன்ற உறுப்பினர் அந்த அவையில் அபூர்வம். அவர் அரசியலில் வண்டித்தொழிலின் கணக்குக்குள் அடங்காதது இது ஒன்றுதான் என்பேன்.

அதற்குமுன் கல்வியின் நிலை இதுதான்: 1868இல் டூசானில் ஒரு சிறு பள்ளி தொடங்கிச் சில மாதங்களில் பணமில்லாமல் மூடியது. 1870இல் கன்னியர் சிலர் கலிஃபோர்னியாவிலிருந்து பாலையைக் கடந்துவந்து பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு அது உண்டு. 1872 மார்ச்சில், புதிய சட்டத்தின்கீழ், சுவிட்சர்லாந்தில் பிறந்த முன்னாள் சிப்பாய் ஜான் ஸ்பிரிங் ஒரு மண்தரை அறையில் ஆண்பிள்ளைகளுக்கான பொதுப்பள்ளியைத் தொடங்கினார். 138 பையன்கள். பெரும்பாலோர் மெக்சிகக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள். புத்தகம் போதவில்லை, பிரம்புக்குக் குறைவில்லை.

ஆங்கிலம் அங்கே சும்மா வந்து உட்காரவில்லை. 1864இல் முதல் சட்டமன்றம் டூசான் பள்ளிக்கு 500 டாலர் ஒதுக்கியபோதே அன்றாடப் பாடத்தில் ஆங்கிலம் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. மெக்சிகத் தலைவர்களில் ஒச்சோவா போன்றவர்கள் இதை எதிர்க்கவில்லை. விரும்பினார்கள் என்றே சொல்லவேண்டும். சிறுவயதில் மிசௌரியில் கற்ற மொழி தன்னை எங்கே கொண்டுவந்தது என்பதைத் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர் அவர். வீட்டு மொழியை விலையாகக் கொடுக்கவேண்டிவரும் என்று அந்தத் தலைமுறை நினைத்துப் பார்க்கவில்லை; ஊரில் அவர்கள்தான் பெரும்பான்மை, தெருவிலும் கோயிலிலும் சந்தையிலும் ஸ்பானியம்தான்.

1875இல் காங்கிரஸ் தெருவில் ஊருக்கு ஒழுங்கான பள்ளிக் கட்டடம் எழுந்தது. நிலம் கொடுத்தவர் ஒச்சோவா. கட்டுவதை மேற்பார்த்தவரும் அவரே. அதே ஆண்டு பெருவாரியான வாக்குகளில் டூசானின் மேயரானார்.

அதே 1871இன் மறுபக்கம்

பள்ளிச் சட்டம் நிறைவேறி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. 1871 ஏப்ரல் 30 விடியலில், கேம்ப் கிராண்ட் அருகே, ராணுவத்தின் பாதுகாப்பை நம்பித் தங்கியிருந்த அரவைபா அபாச்சிகளின் குடியிருப்பை டூசானிலிருந்து போன கூட்டம் தாக்கியது. டொஹோனோ ஓதம் பழங்குடியினர், மெக்சிகர்கள், ஆறு ஆங்கிலோக்கள் (ஆங்கிலம் பேசும் வெள்ளை அமெரிக்கர்கள்) என்று ஏறத்தாழ 150 பேர். செத்தவர்கள் 100க்கு மேல். கிட்டத்தட்ட அனைவரும் பெண்களும் குழந்தைகளும். சுமார் 30 குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விசாரணை நடத்தாவிட்டால் ராணுவச் சட்டம் அறிவிப்பேன் என்று ஜனாதிபதி கிராண்ட் மிரட்டியபின்தான் வழக்கு நடந்தது. டிசம்பரில், சுமார் 100 பேர்மீது. ஜூரிகள் 19 நிமிடத்தில் எல்லாரையும் விடுவித்தார்கள். வழக்கின் தலைப்பில் முதல் பிரதிவாதியாக இருக்கும் பெயர் சிட்னி டிலாங். டல்லி, ஒச்சோவா கம்பெனியில் மேலாளராகவும் பிறகு கூட்டாளியாகவும் இருந்தவர்; அதே 1871இல் ஊரின் மேயரானவர்.

கூட்டாளி செய்ததை ஒச்சோவாவின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆனால் வள்ளல் ஒச்சோவா என்று எழுதுகிறவர்கள் இந்த வழக்கைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைப்பதும் சரியல்ல. பள்ளிச் சட்டத்தைக் கைதட்டி வரவேற்றதும் கொலைகாரர்களை விடுவித்ததும் ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே ஆட்கள். அந்த ஊரில் 'பொதுமக்கள்' என்ற வட்டத்துக்குள் ஆங்கிலோக்களும் மெக்சிகர்களும் கைகோர்த்து நின்றதற்கு ஒரு காரணம், வட்டத்துக்கு வெளியே அபாச்சிகள் இருந்தார்கள் என்பதே. ஒரு மெக்சிகர் மேயராக முடிந்த அந்த இணக்கத்தின் அடியில் இந்தப் பகை கிடந்தது. ரயிலும் படையும் வந்து அபாச்சிப் பயம் நீங்கியபின் இணக்கமும் மெலிந்துபோனது தற்செயல் அல்ல.

தண்டவாளம்

சதர்ன் பசிபிக் ரயில் 1877 செப்டம்பரில் யூமாவில் கொலராடோ ஆற்றைக் கடந்தது. அரிசோனாவில் பாதை போட அனுமதி அளித்தது அதே 1877ஆம் ஆண்டுச் சட்டமன்றம். 1879 மே மாதம் காசா கிராண்டே வரை வந்து வெயிலிலும் பொருள் தட்டுப்பாட்டிலும் நின்ற வேலை, 1880 ஜனவரியில் மறுபடி தொடங்கியது. மார்ச் 20 அன்று முதல் ரயில் டூசானுக்குள் வந்தது.

ஊர் திருவிழாவானது. பீரங்கி, வாத்தியம், லெவின் தோட்டத்தில் விருந்து. உலகத் தலைவர்களுக்கெல்லாம் தந்தி அடித்தார்கள். போப்பாண்டவரிடமிருந்து 'வாழ்த்துகள், அது சரி, டூசான் எங்கே இருக்கிறது?' என்று பதில் வந்ததாக ஒரு குறும்புத் தந்தியை யாரோ தயாரித்து விருந்தில் படிக்கவைத்தார்கள் என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கும் ஊர்க்கதை. ரயில் அதிபர் சார்ல்ஸ் கிராக்கருக்கு ஊரின் சார்பில் ஒரு வெள்ளி ஆணி பரிசளிக்கப்பட்டது. கொடுத்தவர் எஸ்தேவான் ஒச்சோவா.

இந்தக் காட்சியைச் சோக நாடகமாக எழுதுவது வழக்கம்: தன் தொழிலுக்குத் தானே ஆணி அடித்தார் என்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ரயில் வருவது 1877இலிருந்தே எல்லாருக்கும் தெரியும். யூமாவிலிருந்து தண்டவாளம் முன்னேற முன்னேற அதன் முனையிலிருந்து ஊருக்குச் சரக்கு இழுத்த வகையில் வண்டிக்காரர்களுக்கு இடைக்கால வேலைகூடக் கிடைத்தது. ரயில் வந்தால் தாது வெளியே போகும், கம்பளி வெளியே போகும், கடைச்சரக்கு மலிவாக உள்ளே வரும் என்று மற்றக் கிளைகளை நம்பியிருக்க ஒச்சோவாவுக்குக் காரணம் இருந்தது. தவறிய கணக்கு வேகத்தில். தொழில் மெல்லத் தேயும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஒரே மாதத்தில் படுத்தது. வண்டிகளும் கழுதைகளும் சேணங்களுமாக ஏறத்தாழ 1,00,000 டாலர் பெறுமான சொத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளவேண்டிவந்தது என்று சொல்லப்படுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கும்போது வாங்குவதற்கு யார் இருப்பார்கள்?

கடைத்தெருவும் மாறியது. மாதக்கணக்கில் வந்த சரக்கு நாட்கணக்கில் வந்ததால், முன்கூட்டியே வாங்கிக் குவித்து வைத்திருந்தவர்களின் இருப்பு விலையிழந்தது. 1882இல் குவாய்மாஸ் வரை ரயில் போனதும் சொனோரா வியாபாரமும் வண்டிகளை விட்டுப்போனது. 1880இல் டூசானின் மக்கள்தொகை 7,007. வந்து சேர்ந்தவர்களில் குடும்பத்தோடு வந்த ஆங்கிலோக்கள் அதிகம். முன்பு இங்கே வந்த ஆங்கிலோ ஆண்கள் மெக்சிகக் குடும்பங்களில் பெண் எடுத்து ஸ்பானியம் பேசி வாழ்ந்தார்கள். புதியவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. மெக்சிகர்கள் தெற்குப் பக்கத்துத் தெருக்களில் ஒதுங்கினார்கள்.

எல்லா மெக்சிக வண்டிக்காரர்களும் ஒரே மாதிரி விழவில்லை. மரியானோ சமானியேகோவும் சரக்கும் பயணிகளும் ஏற்றியவர், சட்டமன்றத்துக்கும் பலமுறை போனவர். அவர் கால்நடைப் பண்ணையிலும் நிலத்திலும் காலூன்றி, 1894இல் மெக்சிகர்களின் பரஸ்பர உதவிச் சங்கமான அலியான்சா ஹிஸ்பானோ அமெரிக்கானாவை நிறுவியவர்களில் ஒருவரானார். ஒச்சோவாவைவிடப் பத்துப் பதிமூன்று வயது இளையவர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அரசு ஒப்பந்தத்தின்மேல் கட்டிய பெரிய கம்பெனி, சின்னதைவிட வேகமாகச் சரியும் என்பது இன்னொரு காரணம்.

ஒச்சோவா 1888 அக்டோபரில், நியூ மெக்சிகோவின் லாஸ் க்ரூசெஸில், 57 வயதில் இறந்தார். அவர் முதன்முதலில் கடை போட்ட மெசீயாவுக்கு அடுத்த ஊர் அது. அரிசோனா மாநிலமாக இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. அந்தத் தாமதத்துக்கு வாஷிங்டனில் சொல்லப்பட்ட காரணங்களில், இந்தப் பகுதிகளில் ஸ்பானியம் பேசுவோர் அதிகம் என்பதும் ஒன்று.

டூசான் நகர மையத்தில் கதீட்ரலை ஒட்டி ஒச்சோவா தெரு இருக்கிறது. சவுத் டூசானில் ஒரு தொடக்கப்பள்ளிக்கும் அவர் பெயர். அவர் தொடங்கிவைத்த பொதுப்பள்ளி முறை பின்னாளில் ஸ்பானியம் பேசும் பிள்ளைகளை எப்படி நடத்தியது என்பது வேறு கதை: 1919இலிருந்து 1960கள் வரை டூசானில் அவர்களை '1சி' என்ற தனி வகுப்பில் உட்காரவைத்து, ஆங்கிலம் வரும்வரை மேலே ஏற்றாமல் வைத்திருந்தார்கள், பலர் பின்தங்கிப் பாதியிலேயே நின்றுபோனார்கள். 2000 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் இருமொழிக் கல்வியைப் பெருமளவு ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். மேயர் நாற்காலி விஷயத்தில், 1875க்குப் பிறகு லத்தீன் வம்சாவளியினர் ஒருவரை டூசான் மறுபடி தேர்ந்தெடுத்தது 2019இல்தான், ரெஜினா ரொமேரோவை.